கால்பந்து வீரர் பாபி சார்ல்டன் பெயர் ஏன் அந்தப் பட்டியலில் இல்லை என்று கேட்டிருந்தீர்கள்.

இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான பிரீமியர் லீக், தன் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் பட்டியல்தான் பிரீமியர் லீக் ஹால் ஆஃப் ஃபேம். அதில் அவர் பெயர் வரவே வராது. அந்த லீக் தொடங்கியதே 1992-ல். சார்ல்டன் மான்செஸ்டர் யுனைடெட்டை விட்டது 1973-ல். அங்கே அந்த லீக்கில் ஆடியதற்கு மட்டும்தான் கணக்கு. ஆலன் ஷியரருக்கே 260 கோல்தான் சேரும். அதற்கு முன் சவுத்தாம்டனுக்காக லீக் ஆட்டங்களில் அடித்த 23 சேராது.

பழங்காநத்தம் செவன்ஸ் டோர்னமென்ட் ஃபிளெக்ஸுக்கு நீங்கள் எடுத்த பெயர்களில் இரண்டு பட்டியல் கலந்துவிட்டது போலிருக்கிறது. சார்ல்டன், ஜார்ஜ் பெஸ்ட் எல்லாம் இங்கிலாந்தின் தேசிய கால்பந்து அருங்காட்சியகம் 2002-ல் தொடங்கிய பட்டியலில் இருப்பவர்கள். அதற்கு ஒரு தேர்வுக் குழு உண்டு. இங்கிலாந்தில் குறைந்தது 5 ஆண்டு ஆடியிருக்கவோ பயிற்சியாளராக இருந்திருக்கவோ வேண்டும். ஓய்வு பெற்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயது 30 ஆகியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஆண்டை எழுதிப் பாருங்கள். 1992-க்கு முன் என்றால் அடித்துவிடலாம். ஆனால் பயிற்சியாளர்களை இப்படி அடிக்காதீர்கள்: ஃபெர்குசனும் வெங்கரும் 2023-ல் பிரீமியர் லீக் பட்டியலுக்குள் வந்தார்கள். கன்டோனா மாதிரி இரண்டிலும் இருப்பவர்களும் உண்டு.

அப்புறம், ஃபிளெக்ஸில் “ரசிகர் ஓட்டில் தேர்வானவர்கள்” என்ற வரியை எடுத்துவிடுங்கள். 2021-ல் ஷியரரும் ஹென்றியும் நேரடியாகவே வந்தார்கள். அதன்பின் 23 பேர் பட்டியலிலிருந்து 6 பேரை எடுத்தபோதுதான் ரசிகர் ஓட்டு தொடங்கியது. அதிலும் ஒரு குழுவின் ஓட்டைச் சேர்த்தே எண்ணினார்கள்.