கடவுச்சொல்லை விடுங்கள், சேமிப்பிடத்தைப் பாருங்கள்

வணக்கம். அப்பாவின் ஜிமெயிலுக்கு ஒரு வாரமாக எதுவும் வரவில்லை, ஓய்வூதிய அலுவலகம் அனுப்பிய மின்னஞ்சலும் திரும்பிப் போய்விட்டது, கடவுச்சொல்லை மாற்றியும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். கடவுச்சொல்லை இனித் தொடாதீர்கள். உள்ளே நுழைய முடிகிறது, பழைய அஞ்சல்கள் தெரிகின்றன என்றால், பெரும்பாலும் இடம்தான் நிரம்பியிருக்கும்.

கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி ஜிமெயிலுக்கு மட்டும் உரியதல்ல. டிரைவ், போட்டோஸ் இரண்டுக்கும் சேர்த்துத்தான். ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதில்தான் அடங்கும். காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் குவியும் வீடுகளில் இடத்தை விழுங்குவது பெரும்பாலும் இந்த பேக்கப்தான்.

ஜிமெயில் செயலியில் வலது மேல் மூலையில் உள்ள அப்பாவின் படத்தைத் தொடுங்கள். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். நிரம்பியிருந்தால் முதலில் வாட்ஸ்அப்பைக் கவனியுங்கள். அமைப்புகளில் சாட் பேக்கப் பகுதிக்குப் போய், வீடியோக்களைச் சேர்க்கும் வசதியை அணைத்துவிட்டு மறுபடி பேக்கப் எடுங்கள். பிறகு பெரிய இணைப்புகள் உள்ள பழைய அஞ்சல்களை நீக்குங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: நீக்கியவை 30 நாட்கள் குப்பைத்தொட்டியில் கிடந்து இடத்தை அடைத்துக்கொண்டேயிருக்கும். அதையும் கையோடு காலி செய்யுங்கள். பணம் கட்டிக் கூடுதல் இடம் வாங்குவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

திரும்பிப் போன அஞ்சல்கள் தாமாக வந்து சேராது. ஓய்வூதிய விஷயம் என்பதால் காத்திருக்க வேண்டாம். அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.