ஊரில் ஹார்ன், இங்கே ஹெட்லைட்

தம்பி, ஷார்ஜாவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, அலுவலக நண்பரின் காரில் தினமும் துபாய் போய் வருவதற்குள்ளேயே உயிர் போய் உயிர் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து லைட் அடிக்கிறார்கள், இண்டிகேட்டர் போடாமல் நாலு ட்ராக் தாண்டி எக்ஸிட் எடுக்கிறார்கள், இதற்கு நம்ம சென்னையே தேவலை, அங்கே பத்து வருடம் ஓட்டிய நான் இங்கே லைசென்ஸ் எடுக்கலாமா வேண்டாமா என்பது உங்கள் கேள்வி.

எடுங்கள். ஆனால் அந்தப் பத்து வருடத்தை நம்பி எடுக்காதீர்கள். அப்படி நம்பித்தான் நான் ரோட் டெஸ்டில் மூன்று முறை ஃபெயில் ஆனேன்.

முதல் முறை, சிக்னலில் பச்சை எரிந்துகொண்டிருந்தபோதே பிரேக்கைத் தொட்டு இரண்டு பக்கமும் பார்த்தேன். பச்சை விழுந்தாலும் குறுக்கே ஒரு பைக் வரும் என்பதுதானே நாம் கற்ற பாடம். பக்கத்தில் இருந்த தேர்வாளர், பச்சையில் எதற்குக் கால் பிரேக்குக்குப் போகிறது என்று கேட்டுவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். இரண்டாம் முறை, ட்ராக் மாறும்போது கண்ணாடியைப் பார்த்தேன், கழுத்தைத் திருப்பவில்லை. மூன்றாவதுதான் கேவலம். ரவுண்டபோட்டில், அதாவது ரவுண்டானாவில், உள்ளே சுற்றி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று படித்தெல்லாம் இருந்தேன். ஆனாலும் 'அவன் நிறுத்துவான்' என்று கை தானாக வண்டியின் மூக்கை உள்ளே விட்டது. அவன் நிறுத்தவில்லை. தேர்வாளர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். அவ்வளவுதான், ஓரமாக நிறுத்தி இறங்கச் சொல்லிவிட்டார்.

இதில் எதுவும் எனக்கு ஓட்டத் தெரியாததால் வந்ததல்ல. ஊரில் நம்மை உயிரோடு வைத்திருந்த பழக்கங்களே இங்கே தப்பாகிப் போகின்றன.

நம் ஊர்க் குழப்பம் மெதுவான குழப்பம். நெரிசலில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் நொடிக்கு எட்டு மீட்டர்தான் நகர்கிறான். குறுக்கே மாடு வந்தாலும், ராங் சைடில் ஆட்டோ வந்தாலும், யோசித்து, திட்டி, ஒதுங்குவதற்கு நேரம் இருக்கிறது. அடுத்தவன் தப்புச் செய்வான் என்ற எதிர்பார்ப்பிலேயேதான் எல்லோரும் ஓட்டுகிறார்கள். துபாயின் ஷேக் சாயித் சாலையில் 100-இல் போகும்போது நொடிக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர். அங்கே ஒவ்வொருவனும் பக்கத்து ட்ராக்காரன் அவன் ட்ராக்கிலேயே இருப்பான் என்று நம்பித்தான் மிதிக்கிறான். அந்த நம்பிக்கையை ஒருவன் உடைத்தாலும், அவன் நாலு ட்ராக் தாண்டுகிற மகானாக இருந்தாலும் சரி, தயங்கித் தயங்கிப் போகிற நாமாக இருந்தாலும் சரி, விளைவு ஒன்றுதான்.

அப்புறம் அந்த லைட் விஷயம். எதிரே வருகிறவன் ஊரில் லைட் அடித்தால் 'நான் நிற்கப்போவதில்லை, நீ நில்' என்று அர்த்தம். இங்கே பின்னாலிருந்து அடித்தால் 'வழி விடு' என்று அர்த்தம். லைசென்ஸ் கிடைத்த புதிதில், ஷார்ஜாவிலிருந்து துபாய் போகும் அல் இத்திஹாத் சாலையில் இடது கோடி ட்ராக்கில் 80-இல் போய்க்கொண்டிருந்தேன். இங்கே வண்டிகள் வலது பக்கம் ஓடுவதால், மீடியனை ஒட்டிய அந்த இடது கோடிதான் வேகமாகப் போகிறவர்களுக்கான ட்ராக். நம் நெடுஞ்சாலையில் லாரிகள் மீடியனை ஒட்டியே ஊர்ந்து போகுமே, அந்த நினைப்பில் அது பாதுகாப்பான இடம் என்று எனக்குள் பதிந்திருந்தது. பின்னால் ஒருவர் பளிச் பளிச்சென்று அடித்தார். ஏதோ எச்சரிக்கிறார் என்று நினைத்துப் பதறி பிரேக் போட்டேன். டயர் கிறீச்சிட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தப்பு யார் மேல் என்றால், ஒட்டிக்கொண்டு வந்தது அவர் தப்பு. 400 திர்ஹம் அபராதமும், லைசென்ஸ் கணக்கில் சேரும் நாலு கருப்புப் புள்ளியும் உண்டு அதற்கு. ஆனால் அந்த ட்ராக்கில் 80-இல் போனது யார்? நான்தானே.

ஆகவே லைட் அடித்தால் கோபப்படாமல் வலது பக்கம் ஒதுங்கிவிடுங்கள். கையைக் காட்டித் திட்டவே வேண்டாம். ஊரில் அது மறந்துபோகிற சமாச்சாரம். இங்கே வழக்காகும். நடுவிரலைக் காட்டிவிட்டு நாடு கடத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

இடித்துவிட்டால் நடப்பதும் வேறு. ஊரில் இறங்கி நின்று கத்துவோம், கூட்டம் கூடும், ஒரு பெரியவர் பஞ்சாயத்துப் பேசி ஏதோ ஒரு தொகையில் முடித்துவைப்பார். இங்கே சின்ன இடி என்றால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். தப்பு செய்தவருக்குச் சிவப்புத் தாள், மற்றவருக்குப் பச்சைத் தாள். அந்தத் தாள் இல்லாமல் எந்த ஒர்க் ஷாப்பும் நசுங்கிய கதவைத் தொடாது. வாக்குவாதத்துக்கே இடமில்லை என்பது எனக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது!

கேமராவைப் பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். துபாயில் பலகையில் உள்ள வேகத்துக்கு மேல் 20 வரை கேமரா விட்டுவிடும். அபுதாபியில் அந்தச் சலுகையை 2018 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். துபாய்ப் பழக்கத்தில் அபுதாபிக்குள் போய், வீடு திரும்புவதற்குள் போனில் 300, 600 திர்ஹம் அபராதம் என்று மெசேஜ் வந்து விழுந்த நண்பர்கள் எனக்கு நிறைய. சிவப்பு சிக்னலைத் தாண்டினால் 1,000 திர்ஹம், 12 புள்ளி, வண்டி 30 நாள் உள்ளே. 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே போகும். பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம், 2017-லிருந்து. சென்னை டாக்ஸிகளில் பின் சீட் பெல்ட்டை சீட் கவருக்கு அடியில் ஒளித்துவைத்திருப்பார்களே, அந்தப் பழக்கத்தில் அம்மா அப்பாவைக் கூட்டிவரும்போது மறந்துவிடாதீர்கள்.

'நம்ம ஊரே தேவலை' என்றீர்களே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த வருடம் எண்ணிக்கையில் அதிக விபத்து நடந்த மாநிலம் நம் தமிழ்நாடுதான். நகரத்து நெரிசலில் கைகொடுக்கிற அந்த அனுசரிப்பு, நாலு வழிச் சாலையில் 100-இல் போகும்போது கைகொடுப்பதில்லை. ராங் சைடில் வருகிறவன் அங்கேயும் வருகிறான்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. இங்கே பழகிவிட்டால் ஊரில் ஓட்ட வராது. போன விடுமுறையில் வேளச்சேரி பக்கம் யூ டர்ன் எடுக்க இடைவெளி வரும் என்று காத்து நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் ஹார்ன் கச்சேரி. பக்கத்தில் இருந்த அக்கா மகன் பொறுக்க முடியாமல், "மாமா, இடம் தர மாட்டாங்க, மூக்கை நீட்டுங்க, தானா நிப்பாங்க" என்றான். எந்த மூக்குக்காக ஃபெயில் ஆனேனோ அதே மூக்கு! அன்றே இன்னொரு இடத்தில் ஜீப்ரா கோட்டில் ஒரு பாட்டிக்காக நிறுத்தினேன். பின்னால் வந்த பைக் பம்பரில் மோதியது. பாட்டியோ சாலையைக் கடக்காமல், என்னைச் சந்தேகமாகப் பார்த்து, "நீ போப்பா முதல்ல" என்று கையைக் காட்டினார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஊர் லைசென்ஸை அப்படியே மாற்றித்தர மாட்டார்கள். பழைய லைசென்ஸ் இருப்பதால் வகுப்பு நேரம் குறையும், ஆனால் வகுப்பு உண்டு. லைசென்ஸுக்குப் பதிந்து ஃபைல் திறக்கும்போது அந்தப் பழைய லைசென்ஸையும் எடுத்துப்போங்கள். டெஸ்டில் கழுத்து நன்றாகத் திரும்பட்டும், தேர்வாளர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. குளிர்காலக் காலையில் பனிமூட்டம் இருந்தால் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்ப்பீர்கள், நம் ஊரில் ஜங்ஷனில் நேராகப் போகிறவர் போடுவாரே, அதே மாதிரி. நீங்கள் போடாதீர்கள். ஓடுகிற வண்டி எது, நிற்கிற வண்டி எது என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போய்விடும்.

லைசென்ஸ் கையில் வந்ததும் நேராக வேலை நாள் காலையில் துபாய் கிளம்பாதீர்கள். முதல் ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஓட்டிப் பாருங்கள், ஆறு மணிக்கெல்லாம். சாலை பாதி காலியாக இருக்கும். வலது பக்கத்திலிருந்து இரண்டாவது ட்ராக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். எக்ஸிட் தவறிவிட்டால் விடுங்கள், அடுத்த எக்ஸிட்டில் திரும்பி வரலாம். நான் முதல் வாரம் இப்படித் தவறவிட்டுத் தவறவிட்டே துபாயின் மறுகோடியில் இருக்கும் ஜெபல் அலி வரை போய் வந்தவன்.