கம்பெனிப் பயிற்சியில் புள்ளி, பேட்ஜ் எல்லாம் வைத்தால் உண்மையிலேயே பலன் இருக்குமா?

புள்ளியும் பேட்ஜும் மட்டும் என்றால், பெரிதாக ஒன்றும் இருக்காது. விளையாட்டு என்றால் இருக்கும். இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்கே பட்டுத்தான் தெரிந்தது.

நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். முதலில் நாங்களும் தீப் பாதுகாப்பு வினாடி வினாவுக்குப் புள்ளி போட்டு, யார் முன்னால் இருக்கிறார் என்று கேன்டீன் டிவியில் பட்டியல் ஓட்டினோம். முதல் வாரம் ஒரே ஆரவாரம். இரண்டாவது வாரம் விடைகள் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டன. முதலிடம் பிடித்த தம்பியிடம் போய், பேனல் போர்டில் தீப்பிடித்தால் எந்த சிலிண்டரை எடுப்பாய் என்று கேட்டேன். "மூணாவது கேள்விதானே சார், பி" என்றான்.

நாங்களாவது சிரித்துவிட்டு விட்டோம். அமெரிக்காவில் அனஹைமில் இருக்கும் டிஸ்னி ஓட்டல்களின் சலவைப் பிரிவில், யார் எவ்வளவு வேகம் என்று பெயரோடு பெரிய திரையில் காட்டினார்கள். 2011இல் அது செய்தியானது. அங்கே வேலை செய்தவர்கள் அதற்கு வைத்த பெயர் 'எலக்ட்ரானிக் சாட்டை'.

சரி, பலித்தது எது என்றால், பீர் கேம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1960களிலிருந்து மேலாண்மை மாணவர்களுக்கு வைக்கும் பழைய விளையாட்டு. (பீர் என்றால் எச்.ஆர். முகம் சுளிக்கும் என்று நாங்கள் பிஸ்கட் பெட்டி ஆக்கிக்கொண்டோம், பெட்டிக்கு ஒரு புளியங்கொட்டை.) சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஃபேக்டரி என்று நாலு பேர் வரிசையாக உட்கார வேண்டும், ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, ஆர்டரைத் துண்டுச் சீட்டில் எழுதி அடுத்தவரிடம் தள்ள வேண்டும், கேட்ட சரக்கு வந்து சேர சில வாரம் ஆகும் (ஆட்டத்தில் ஒரு சுற்றுதான் ஒரு வாரம்). கையில் ஸ்டாக் கிடந்தால் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு, கொடுக்க முடியாமல் பாக்கி வைத்தால் ஒரு டாலர். நாங்கள் ரூபாய் ஆக்கினோம். கடைக்கு வரும் வாடிக்கையாளர் முதல் நாலு வாரம் நாலு பெட்டி கேட்பார், ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டு, அதற்கப்புறம் கடைசிவரை எட்டேதான். அது கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், பிளானிங், டெஸ்பாட்ச் என்று நாலு பிரிவிலிருந்தும் ஆளுக்கொருவரை உட்கார வைத்தேன். எட்டாவது வாரத்திலேயே ஷார்ட்டேஜ். கேட்டது வரவில்லையே என்று எல்லோரும் கூட்டிக் கூட்டிக் கேட்க, ஒரு கட்டத்தில் ஃபேக்டரிக்கு 40 பெட்டிக்குச் சீட்டு வந்தது. அப்புறம் அத்தனையும் மொத்தமாக வந்து இறங்கியபோது வைக்க மேசையில் இடமில்லை. ஆட்டம் முடிந்ததும், வாடிக்கையாளர் வாரா வாரம் எவ்வளவு கேட்டிருப்பார் என்று மற்ற மூவரையும் வரையச் சொன்னேன். மூவரும் மலையும் பள்ளமுமாக வரைந்தார்கள். உண்மையான கோட்டில் இருந்தது ஒரே ஒரு படி. அதைக் காட்டியதும் பர்ச்சேஸ்காரர் கொஞ்ச நேரம் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ இத்தனை நாளா நான் டெஸ்பாட்சைத் திட்டினது?" என்றார். அதற்கப்புறம் நடந்த பேச்சுதான் பாடம், அது ஆட்டத்தைவிட அதிக நேரம் போனது. ஆட்டம் முடிந்ததும் டீ குடித்துவிட்டுக் கலைந்திருந்தால் புளியங்கொட்டை எண்ணியதுதான் மிச்சம்.

வேலையில் நடக்கும் அதே தப்பை, நஷ்டமில்லாமல் நம் கையாலேயே செய்ய வைக்கிறது அந்த விளையாட்டு. புள்ளிப் பட்டியலில் செய்வதற்கு அப்படி என்ன இருக்கிறது? இதற்காக எல்லாவற்றையும் விளையாட்டாக்கவும் வேண்டாம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஃபோர்க்லிஃப்டும், பக்கத்தில் நிற்கப் பொறுமையான ஓர் ஆளும் போதும்.

உங்கள் இடத்தில் நிர்வாகம் பட்டியல் வைத்தே தீருவேன் என்று நின்றால், ஆள் பெயர் இல்லாமல் பிரிவு வாரியாக வைக்கச் சொல்லுங்கள், கேள்விகளை ஒவ்வொருவருக்கும் மாற்றி வரச் சொல்லுங்கள். என்ன ஆனாலும் அதைச் சம்பள உயர்வோடு முடிச்சுப் போட விடாதீர்கள்.