நூல் விலை, வரி, பையர்: ஒரு பனியன் கம்பெனிக்காரரிடம் சில கேள்விகள்

திருப்பூரில் 28 வருடமாக டி-ஷர்ட் தைத்து அனுப்புகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

அண்ணா, எங்கள் ஆர்டரில் 80 சதவீதம் ஒரே அமெரிக்க பையர். 2025இல் அங்கே இறக்குமதி வரி ஏறியதும் பாதி மெஷின் நின்றுவிட்டது. முழுசாக ஐரோப்பாவுக்கு மாறிவிடலாமா?

மாறினால் அதே 80 சதவீதம் ஒரு ஐரோப்பிய பையர் கையில் போய் நிற்கும். அந்த ஆகஸ்டில் 7ஆம் தேதி 25 சதவீதம், 27ஆம் தேதி 50. நடுவில் இருபது நாள். நமக்கு நூல் வாங்கி, துணி ஓட்டி, சாயம் போட்டு, தைத்து அனுப்பவே மூன்று மாதம் ஆகிறது. அதனால் வரியை முன்கூட்டிக் கணிக்கப் பார்க்காதீர்கள், யாராலும் முடியாது. எந்த பையரும் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு கோடு போடுங்கள். சிரமம் இருக்கிறது: சின்ன பையர் கலருக்கு 500 பீஸ்தான் கேட்பார். புது ஸ்டைலில் டெய்லருக்குக் கை பழகவே மூன்று நாள் ஆகும், அதற்குள் ஆர்டர் முடிந்துவிடும். பீஸ் ரேட்டை ஏற்றித்தான் கொடுக்க வேண்டும். அதைக் காப்பீட்டுப் பிரீமியம் கட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டேஷன் கொடுத்த பிறகு நூல் ஏறினால் என்ன செய்வீர்கள்?

சூடுபட்டிருக்கிறேன். 2021 நவம்பரில் நூல் ஒரே அடியாகக் கிலோவுக்கு 50 ரூபாய் ஏறியது. ஒரு டி-ஷர்ட்டுக்கு, சேதாரம் சேர்த்து, 200 கிராம் நூல் போகும். ஆக, பீஸுக்குப் பத்து ரூபாய். நான் வைத்திருந்த லாபம் எட்டு! அடுத்த மே மாதம் பஞ்சு கேண்டி (356 கிலோ) ஒரு லட்சத்தைத் தாண்டியபோது, ஆர்டர் எடுத்தவர்கள் அழுதார்கள், எடுக்காதவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

இப்போது கொட்டேஷனிலேயே நூல் விலையைத் தனியாகக் காட்டி, ஏழு நாள்தான் செல்லும் என்று எழுதிவிடுகிறேன். ஆர்டர் உறுதியான அன்றே பாதி நூலை புக் செய்கிறேன். முழுசையும் அன்றே வாங்கிப் போடுவது சூதாட்டம். விலை இறங்கினால் பக்கத்துக் கம்பெனிக்காரர் நம்மைவிடக் குறைத்துக் கொடுப்பார்.

பருத்தியை விட்டு பாலியஸ்டருக்குப் போகலாமா சார்? மெஷின் விலை கேட்டு வைத்திருக்கிறேன்.

விலை கேட்டதோடு நிறுத்துங்கள். பருத்திக்குச் சாயம் போட 60 டிகிரி போதும். பாலியஸ்டருக்கு 130, அழுத்தம் தாங்கும் மெஷின் வேண்டும். முதலில் சாய வேலையை ஜாப் ஒர்க்கில், அதாவது வெளியே கூலிக்கு, கொடுத்து நாலு ஆர்டர் முடியுங்கள். ரிஜெக்‌ஷன் எவ்வளவு, பையர் திரும்ப வருகிறாரா என்று பார்த்துவிட்டு லோனுக்குப் போகலாம்.

பேங்கில் ஐந்து வருடத் திட்டம் கேட்கிறார்கள். இந்த நிலவரத்தில் எப்படி எழுதுவது?

எழுதிக் கொடுங்கள், லோன் வேண்டுமே. நமக்கென்று வேறொரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது கட்டிங் டேபிள் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மூன்றே வரி: நூல் 20 ரூபாய் ஏறினால் புது கொட்டேஷன் நிறுத்தம்; பையர் பணம் 90 நாள் தாண்டினால் அடுத்த ஷிப்மென்ட் கிடையாது; கையிலிருக்கும் ஆர்டர் 60 நாள் வேலைக்குக் கீழே போனால் உள்நாட்டு வேலை எடு.

இருபது மெஷினோடு பவர்டேபிள் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்) வைத்திருக்கும் எனக்கு இதெல்லாம் பொருந்துமா அண்ணா?

அந்தத் தாளில் கடைசி வரி உங்களுக்குத்தாம்மா. ஆனால் 60 நாளை 15 என்று திருத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேலை அவ்வளவு முன்னால் தெரியாது.