504 குழாய்கள்

அன்புள்ள ஐயா,

நாகசாகி அணுகுண்டு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். முப்பத்தோரு வருஷம் அனல் மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் குண்டுக்குப் புளூட்டோனியம் செய்த, அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் இருக்கும் பி அணு உலை 250 மெகாவாட் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அதிலிருந்து ஒரு பல்புக்குக்கூட மின்சாரம் எடுக்கவில்லை என்கிறீர்கள். எங்கள் ஆட்களிடம் சொன்னால் அடிக்க வருவார்கள். அவ்வளவு வெப்பத்தையும் என்னதான் செய்தார்கள்?

இன்னொன்று. ஓடத் தொடங்கிய மறுநாளே உலை தானாக அணைந்தது, அதிர்ஷ்டவசமாகக் கூடுதல் குழாய்கள் இருந்ததால் பிழைத்தது என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். உலை எப்படித் தானாக அணையும்? அதிர்ஷ்டத்துக்காக யாராவது குழாய் போடுவார்களா?

ராஜசேகரன்

*

அன்புள்ள ராஜசேகரன் ஐயா,

‘அதிர்ஷ்டவசமாக’ என்று எழுதியது என் சோம்பல். சரியாகப் பிடித்துவிட்டீர்கள்.

முதலில் வெப்பம். ஆற்றில் விட்டார்கள், அவ்வளவுதான். கொலம்பியா ஆற்றிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 2,80,000 லிட்டர் நீரை எடுத்துச் சுத்திகரித்து, உலைக்குள் ஒரே ஒரு தடவை ஓடவிட்டு, தொட்டியில் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, மறுபடி ஆற்றிலேயே கலந்தார்கள். நீராவி எடுக்கிற யோசனையே அந்த வடிவமைப்பில் கிடையாது. அங்கே சரக்கு புளூட்டோனியம்; உங்கள் கொதிகலனுக்குச் சாம்பல் எப்படியோ, அந்த உலைக்கு வெப்பம் அப்படி.

எரிபொருளையும் அப்படித்தான் நடத்தினார்கள். மின் உலையில் யுரேனியத்தை முடிந்தவரை எரிப்பார்கள். இங்கே பாதி வேகும்போதே இறக்கிவிட வேண்டும். யுரேனியம்-238 ஒரு நியூட்ரானை விழுங்கி, நெப்டூனியமாக மாறி, சில நாட்களில் புளூட்டோனியம்-239 ஆகிறது. அதை உள்ளேயே அதிக நாள் வைத்தால் குண்டுக்கு ஆகாத புளூட்டோனியம்-240 சேர்ந்துகொள்ளும். அதனால் சீக்கிரமே உலையை நிறுத்தி, முன்பக்கம் புது யுரேனிய உருளைகளைக் குழாய்களில் செருகுவார்கள். பழையவை பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் போய் விழும். ஒரு டன் யுரேனியத்தைக் கரைத்துப் பிரித்தால் தேறுவது சில நூறு கிராம்.

இனி அந்த ராத்திரி. 1944 செப்டம்பர் 26. முதல் அணு உலையைக் கட்டிய இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி பக்கத்தில் இருக்கிறார். நள்ளிரவு தாண்டி, நியூட்ரானை விழுங்கி உலையை அடக்கிவைக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை மெல்ல வெளியே இழுத்து 9 மெகாவாட் வரை கொண்டுபோனார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். சில மணி நேரத்தில் சக்தி இறங்கத் தொடங்கியது. தண்டை இன்னும் இழுத்தார்கள். மறுபடி இறங்கியது. 27ஆம் தேதி மாலைக்குள் உலை செத்தே போயிற்று. தண்ணீர் கசிகிறதா என்று பார்த்தால் கசிவு எங்கும் இல்லை. இதைவிட வேடிக்கை, மறுநாள் காலை உலை தானே உயிர்த்தெழுந்தது. மறுபடி சக்தியை ஏற்றினால் மறுபடி அதே இறக்கம். ஷிஃப்டில் நின்ற உங்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

ஜான் வீலர் என்ற இயற்பியலாளர் அங்கே இருந்தார். அணுப்பிளவில் பிறக்கும் குப்பைகளில் ஏதாவது ஒன்று, பிளவைத் தொடரவைக்கும் நியூட்ரானைத் தின்னலாம் என்ற சந்தேகம் அவருக்கு முன்பே உண்டு. அணைந்து எழுந்த நேரத்தை வைத்து அவரும் ஃபெர்மியும் கணக்குப் போட்டார்கள். அயோடின்-135 சிதைந்து ஜீனான்-135 ஆகிறது. ஜீனானின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி தேய்ந்துபோக ஆகும் நேரம், சுமார் 9 மணி. நியூட்ரானை அதைப்போல விழுங்கும் பொருள் வேறு ஏதும் அப்போது தெரிந்திருக்கவில்லை. உலை ஓட ஓட ஜீனான் சேர்கிறது, உலையின் கழுத்தை நெரிக்கிறது; உலை நின்றதும் ஜீனான் தேய்கிறது, உலை மூச்சுவிடுகிறது. முன்பு கட்டிய சிறிய உலைகள் இதைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு வலுவாக ஓடவில்லை.

ஜீனானை ஜெயிக்க ஒரே வழி இன்னும் யுரேனியம். இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி. உலையை வடிவமைத்த சிகாகோ விஞ்ஞானிகளின் கணக்குப்படி யுரேனியம் செருக 1,500 குழாய்கள் போதும், வட்டமாக அடுக்கினால் சரி. கட்டிக்கொடுத்த டூபாண்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஜார்ஜ் கிரேவ்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. சதுரமான கிராஃபைட் அடுக்கில் மூலைகளை ஏன் சும்மா விட வேண்டும், அங்கேயும் துளை போடுங்கள் என்றார். 504 குழாய்கள் கூடுதல், மொத்தம் 2,004. போர் அவசரத்தில் இது வீண் தாமதம் என்று விஞ்ஞானிகள் முணுமுணுத்தார்கள். கிரேவ்ஸுக்கு ஜீனானைப் பற்றி ஒன்றும் தெரியாது. கல்யாண வீட்டில் உலை வைக்கிற சமையல்காரர் சொன்ன தலைக்கணக்குக்கு மேல் ரெண்டு படி கூடப் போடுவாரே, அந்தப் பழக்கம். மூலைகளையும் நிரப்பிய பிறகு, 1945 பிப்ரவரியில் பி உலை முழுச் சக்தியைத் தொட்டது. ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் விழுந்தது ஹான்ஃபோர்டின் புளூட்டோனியம்தான்.

இதைப் பொறியாளர்களின் வெற்றிக்கதையாக மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ரெண்டு படி, சரக்கு வருகிற பக்கத்துக்கு மட்டும்தான் கிடைத்தது. கழிவு போகிற பக்கத்துக்கு இல்லை. மொத்தம் ஒன்பது உலைகள் கட்டினார்கள். அவற்றில் எட்டு, ஆற்றுநீரை அதே ஒருவழிப் போக்கில் ஓடவிட்டவை. உலைக்குள் கதிரியக்கம் ஏறிய துத்தநாகம் ஆற்றோடு இறங்கி, பசிபிக் கரையின் சிப்பிகள் வரை போனது. புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய கதிரியக்கக் கழிவுக் குழம்பு 177 நிலத்தடித் தொட்டிகளில், சுமார் 21 கோடி லிட்டர். அவற்றில் 149 தொட்டிகளுக்கு ஒற்றைச் சுவர்தான். இரண்டாவது சுவர் வேண்டும் என்று அடம்பிடிக்க அந்தப் பக்கம் ஒரு கிரேவ்ஸ் இல்லை. பல தொட்டிகள் கசிந்தன.

உங்கள் ஆட்களைச் சமாதானப்படுத்த ஒரு தகவல். ஒன்பதாவதான ‘என்’ (N) உலை நீராவியும் தந்தது. 1966 முதல் மின்சாரம் எடுத்தார்கள். அந்த மின்நிலையத்தின் கட்டுமானத்தைத் தொடங்கிவைக்க ஜனாதிபதி கென்னடி வந்த நாள் 1963 செப்டம்பர் 26. தேதியைக் கவனித்தீர்களா? செர்னோபிலுக்குப் பிறகு, இதுவும் கிராஃபைட் உலை என்பதால் கேள்விகள் எழுந்தன. 1987 ஜனவரியில் நிறுத்தினார்கள், பிறகு ஓடவே இல்லை.

மற்ற உலைகளில் பெரும்பாலானவற்றை இரும்புக் கூரை போட்டு மூடிவிட்டார்கள். பி உலை மட்டும் நினைவுச் சின்னமாகி, 2015 முதல் ஒரு தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதி. அதன் முன்முகத்தின் புகைப்படங்கள் இணையத்தில் நிறைய கிடைக்கும். சுமார் 11 மீட்டர் உயரச் சுவர் முழுக்க குழாய் முனைகள். எடுத்ததும் மூலைகளைப் பாருங்கள்.

அன்புடன்.