கேள்வி-பதில்: திட்டும் பாராட்டும் சேர்ந்து வாங்கிய ஒரு வீடியோ கேம்

கேள்வி: காட்பாடியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். ஹாலோ நைட்: சில்க்சாங் விளையாட்டை வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். பத்திரிகை விமர்சகர்கள் கொண்டாடுகிறார்கள். விளையாடியவர்களில் பலரோ, வேண்டுமென்றே வதைக்கிறார்கள் என்கிறார்கள். யாரை நம்பி வாங்குவது?

பதில்: வதைக்கிறது என்பவர்கள் சொல்வதைத்தான் நீங்கள் முதலில் படிக்க வேண்டும். பாராட்டு பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவானது. படம் அழகு, இசை அருமை, உலகம் பெரியது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. குறைகளில்தான் உங்களுக்குத் தேவையான தகவல் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைச் சேர்ந்த டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழுவின் விளையாட்டு இது. முதல் பாகமான ஹாலோ நைட் 2017-ல் வந்தது. இரண்டாவதை 2019-ல் அறிவித்தார்கள்; 2025 செப்டம்பர் 4 அன்றுதான் வெளியிட்டார்கள். அன்று கூட்டம் தாங்காமல் இணையக் கடைகளே முடங்கின. விமர்சகர்களுக்கு முன்கூட்டிப் பிரதி தரப்படவில்லை. முதல் நாள் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரு விமர்சனத்தையும் படிக்காமல் வாங்கியவர்களே. உங்களுக்கு அந்த அவசரம் இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். ஹார்னெட் என்ற நாயகிக்குத் தொடக்கத்தில் ஐந்து உயிர். பல எதிரிகளின் ஓர் அடி இரண்டு உயிரைப் பறிக்கிறது. மூன்றாவது அடியில் கதை முடிந்தது. இதைப் பற்றித்தான் அதிகக் கூச்சல். ஆனால் முதல் பாகத்தில் ஒரு முறைக்கு ஓர் உயிராக மீட்டோம். இதில் ஒரே மூச்சில் மூன்று உயிர் திரும்புகிறது. அடி பெரிது, மருந்தும் பெரிது. இந்தக் கணக்கு நியாயமானது என்றே நினைக்கிறேன்.

எனக்கு ஒப்பாத குறை வேறு. பெரிய எதிரியிடம் தோற்றால், கடைசியாக உட்கார்ந்து ஓய்வெடுத்த பெஞ்சிலிருந்து மீண்டும் நடந்து வர வேண்டும். சில இடங்களில் அந்த நடையே ஒரு சண்டைக்குச் சமம். 'லாஸ்ட் ஜட்ஜ்' என்ற எதிரிக்குப் போகும் மணற்பாதை அப்படிப்பட்டது. அதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்கிறோம். இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்ற நிலையில் இருக்கும் ஒருவருடைய நேரத்தை இப்படி எடுத்துக்கொள்வது சரியல்ல. போதாக்குறைக்குச் சில பெஞ்சுகளில் உட்கார, விளையாட்டுக்குள் சேர்த்த ஜெபமணிகளைக் கட்டணமாகக் கேட்கிறது. இறந்த இடத்தில் விட்டுவந்த மணிகளை எடுப்பதற்குள் இன்னொரு முறை இறந்தால் அவையும் போய்விடும். களைத்து வருகிறவரிடம் ஓய்வுக்குக் காசு கேட்பதைக் கதைக்குப் பொருத்தம் என்று சிலர் ரசிக்கிறார்கள். நான் ரசிக்கவில்லை.

எளிது, நடுத்தரம், கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இதில் கிடையாது. வெளியான சில நாட்களில் வந்த திருத்தத்தில் மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் என்ற இரண்டு தொடக்க எதிரிகளைச் சற்று எளிதாக்கினார்கள். நீங்கள் படிக்கும் கடுமையான விமர்சனம் அந்தத் திருத்தத்துக்கு முந்தையதா என்று தேதியைப் பாருங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். வெளியான வாரத்தில், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் குவிந்த எதிர்மறைக் கருத்துகளில் பெரும் பங்கு சீன மொழியில் எழுதப்பட்டவை. சீன மொழிபெயர்ப்பு மோசம் என்பதே அவர்களின் முதன்மையான கோபம். அது நியாயமான கோபம். ஆனால் ஆங்கிலத்தில் விளையாடப்போகும் உங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதில் தமிழ் கிடையாது. ஸ்டீம் இப்போது மொழிவாரியாகவும் மதிப்பெண் காட்டுகிறது, அதைப் பாருங்கள்.

என் தீர்ப்பு: தோற்ற பிறகு எதிரியின் அசைவை நினைத்துப் பார்த்து மறுபடி போகிறவர் நீங்கள் என்றால் வாங்குங்கள். அமெரிக்காவில் இதன் விலை 20 டாலர். உள்ளே இருக்கும் உலகத்தின் அளவுக்கு இது குறைந்த விலை. அப்படிப்பட்டவரா என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால் முதல் பாகத்தை வாங்குங்கள். தள்ளுபடிக் காலங்களில் அது பாதி விலைக்கு வருவது வழக்கம். அதுவும் கடினம்தான், ஆனால் பொறுமையாகக் கற்றுத்தரும்.

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பதினைந்து வயது மகன் என் யுபிஐ மூலம் இதே விளையாட்டை வாங்கினான். ஐந்து நாள் கழித்து, தாண்டவே முடியவில்லை, பணத்தைத் திரும்ப வாங்கிக் கொடு என்று அழுகிறான். பதினொரு மணி நேரம் விளையாடியிருக்கிறானாம். வேலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: அம்மா, போகலாம், ஆனால் இந்தக் காரணத்துக்காக வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இணையத்தில் விற்கும் டிஜிட்டல் பொருட்களையும் கணக்கில் கொள்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் குறைபாடு இருக்க வேண்டும். பணம் இரண்டு முறை எடுக்கப்பட்டது, பொருள் வந்து சேரவில்லை, விளம்பரத்தில் சொன்னது உள்ளே இல்லை என்றால் உறுதியாக வழக்காடலாம். கடினமாக இருப்பது குறைபாடு ஆகாது.

ஸ்டீமில் பணம் திரும்பக் கிடைக்க, வாங்கிய 14 நாட்களுக்குள் இருக்க வேண்டும், விளையாடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் மகன் முதல் நிபந்தனைக்குள் இருக்கிறான், இரண்டாவதைத் தாண்டிவிட்டான். விதிக்கு வெளியே இருந்தாலும் கோரிக்கை அனுப்பலாம், பரிசீலிப்போம் என்கிறார்கள். அனுப்பிப் பாருங்கள், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இவ்வகை விளையாட்டில் முதல் 2 மணி நேரம் பழகும் கட்டம். மனத்தை ஒடிக்கும் இடங்கள் அதன் பிறகுதான் வருகின்றன. அதாவது, பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியவருவதற்குள் பணம் திரும்பும் வாய்ப்பு மூடிவிடுகிறது. விதி எல்லா விளையாட்டுக்கும் பொதுவானது என்பதால் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாவில் சில்க்சாங் முதல் நாளிலிருந்தே இருந்தது. இன்னும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு மாதச் சந்தாவில் நன்றாக விளையாடிப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

மகனைத் திட்ட வேண்டாம் அம்மா. பதினொரு மணி நேரம் விடாமல் முயன்றிருக்கிறான். 'ஹன்டர்ஸ் மார்ச்' என்ற பகுதியில் சிக்கியிருக்கிறானா என்று கேளுங்கள். தொடக்கத்திலேயே எட்டிவிடக்கூடிய, ஆனால் அப்போதே முடிக்கத் தேவையில்லாத இடம் அது. விட்டுவிட்டு வேறு வழியில் போனால் வலிமை கூடித் திரும்பலாம். யுபிஐ ரகசிய எண்ணை மட்டும் இன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ராணிப்பேட்டை. என் பழைய லேப்டாப்பில் ஓடுமா?

பதில்: 64 பிட் விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், 8 ஜிபி காலி இடம் இருந்தால் முயன்று பார்க்கலாம். ஓடாவிட்டால் அது 2 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அப்போது பணம் திரும்பும்.

கேள்வி: சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர், நூறு ரூபாய்க்கு இந்த விளையாட்டு உள்ள ஸ்டீம் கணக்கின் கடவுச்சொல்லைத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: கூடாது. கணக்கை விற்பதும் வாடகைக்கு விடுவதும் ஸ்டீமின் ஒப்பந்தப்படி தடை. அதே கடவுச்சொல் இன்னும் பலரிடம் இருக்கும். ஒருவர் மாற்றினால் மற்றவர்கள் வெளியே. கணக்கு முடக்கப்பட்டால் உங்கள் பெயரில் ரசீது இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தாலும் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், பணம் அனுப்பிய விவரத்தையும் அவருடன் நடந்த உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். அந்தக் கணக்கில் உங்கள் கார்டு விவரத்தைப் பதிய வேண்டாம்.