ஃப்ரீலான்ஸ், ரிமோட் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

நான் 7 வருடமாக பேக்எண்ட் டெவலப்பர், அதாவது இணையதளங்களுக்குப் பின்னால் சர்வரில் ஓடும் பகுதியை எழுதுவது என் வேலை. பைத்தான் மொழி, அதில் தளம் கட்ட உதவும் ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எல்லாம் நன்றாகத் தெரியும். கம்பெனியை விட்டுவிட்டு தனியாக வேலை எடுத்துச் செய்யும் ஃப்ரீலான்ஸாகவோ, வீட்டிலிருந்தபடி ரிமோட்டாகவோ வேலை பார்க்க ஆசை. ஃப்ரீலான்ஸ் வேலைகள் வரும் அப்வொர்க் தளத்தில் 3 மாதமாக விண்ணப்பித்து வருகிறேன். விண்ணப்பிக்கத் தேவையான கனெக்ட்ஸ் வாங்கிய காசுதான் கரைகிறது, பதிலே வருவதில்லை. என்னைவிடக் குறைவாகத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வேலை கிடைக்கிறது. மணிக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும் தொகையை இன்னும் குறைக்கட்டுமா? வேறு தளம் ஏதாவது உண்டா? நான் அனுப்பிய விண்ணப்பம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

தொகையைக் குறைக்காதீர்கள். மலிவு என்பதற்காக வருகிறவர், இன்னும் மலிவாக ஒருவர் கிடைத்ததும் போய்விடுவார். போகும்வரை தூங்கவும் விடமாட்டார்.

உங்கள் விண்ணப்பத்தைப் படித்தேன். வேலை கொடுப்பவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார்: ரிப்போர்ட் பக்கம் மாதக் கடைசியில் மட்டும் திறக்க மறுக்கிறது, டைம்அவுட் ஆகிறது. அதற்கு நீங்கள் "நான் 7 வருட அனுபவமுள்ள, கடினமாக உழைக்கக்கூடிய டெவலப்பர்" என்று ஆரம்பித்து, தெரிந்த தொழில்நுட்பங்களை ஒரு பத்திக்கு அடுக்கியிருக்கிறீர்கள். அவருக்கு வந்து குவியும் விண்ணப்பங்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும். அந்த இடத்தில் கடின உழைப்பு என்ன செய்யும்? எல்லாருமே கடினமாக உழைப்பதாகத்தான் எழுதியிருப்பார்கள்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "மாதக் கடைசியில் மட்டும் என்றால், டேட்டா கூடும்போது ஒவ்வொரு வரிக்கும் டேட்டாபேஸிடம் தனித்தனியாக ஒரு கேள்வி (குவெரி) ஓடிக்கொண்டிருக்கலாம், அல்லது தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் தேதிக்கு இல்லாமல் இருக்கலாம். எங்கே நேரம் போகிறது என்று காட்டும் எக்ஸ்பிளைன் அனலைஸ் கட்டளையை அந்தக் குவெரிக்கு ஓட்டி அனுப்ப முடியுமா? பார்த்துவிட்டு எத்தனை மணி நேர வேலை என்று சொல்கிறேன்." அவ்வளவுதான். இது உங்களுக்குத் தெரியாத விஷயமா என்ன? தினமும் ஆபீஸில் செய்வதுதான். ஆனால் அதைப் படிக்கிறவர் "சரி, இந்த ஆளுக்குப் புரிந்துவிட்டது" என்று பதில் போடுவார். இப்படி ஒன்று எழுத அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும். வாரத்துக்கு நாலு போதும்.

அப்புறம், அந்தத் தளத்தில் நீங்கள் யாரோடு போட்டி போடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஈலான்ஸ், ஓடெஸ்க் என்று தனித்தனியாக இருந்தவை இணைந்து, 2015-ல் அப்வொர்க் என்று பெயர் மாற்றிக்கொண்டன. அந்தக் காலத்திலிருந்தே இருப்பவர்கள் நூற்றுக்கணக்கான ரிவ்யூக்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ரிவ்யூவே இல்லாத புதியவர் ஒருவர் பொதுவாக "பேக்எண்ட் டெவலப்பர்" என்று போர்டு மாட்டினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். "மெதுவாகிப்போன ஜாங்கோ தளங்களை வேகமாக்குகிறேன்" என்று போடுங்கள். சின்ன வேலையாக ஒன்றிரண்டு எடுத்து ரிவ்யூ வாங்குங்கள். வேலையின் அந்தக் கட்டத்துக்கான (மைல்ஸ்டோன்) பணம், தளம் பிடித்துவைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் விழாமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

ரிமோட் வேலை வேறு கதை. அது மாதச் சம்பளம், மேனேஜர், மீட்டிங் எல்லாம் உள்ள வேலைதான், ஆபீஸ் மட்டும் இல்லை. நீங்கள் இரண்டுக்கும் ஒரே ரெசுமேயை அனுப்புகிறீர்கள். ரிமோட்டுக்கு ஆள் எடுப்பவர்கள், பக்கத்தில் யாரும் இல்லாமல் வேலையை நகர்த்துவாரா, புரியும்படி எழுதுவாரா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ரிமோட்டாகவே இயங்கும் மென்பொருள் நிறுவனமான கிட்லாப், தன் வேலை முறைகளைச் சொல்லும் கையேட்டை எல்லாரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. படித்துப் பாருங்கள், அங்கே எவ்வளவு காரியம் எழுத்திலேயே நடக்கிறது என்று தெரியும்.

தளங்கள் கேட்டிருந்தீர்கள். வீ வொர்க் ரிமோட்லி, ரிமோட் ஓகே இரண்டையும் பாருங்கள். டெக்னாலஜி ஆட்கள் கூடிப் பேசும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் மாதத் தொடக்கத்தில் "ஹூ இஸ் ஹயரிங்" என்று ஒரு விவாத இழை வரும். ஆள் எடுக்கும் கம்பெனிக்காரர்களே நேரடியாக எழுதுவார்கள். ஃப்ரீலான்ஸர்களுக்கும் தனி இழை உண்டு. ஆனால் ரிமோட் என்று போட்டுவிட்டுப் பக்கத்திலேயே "இந்த நாட்டவர் மட்டும்" என்றும் போட்டிருப்பார்கள், அதைப் படிக்காமல் விண்ணப்பித்து நொந்துபோக வேண்டாம்.

இதையெல்லாம்விட நான் நம்புவது, உங்களோடு வேலை பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போனவர்களை. நீங்கள் எழுதும் நிரலைப் பார்த்தவர்கள் அவர்கள்தான். "வேலை இருந்தால் சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கேட்டால் "கண்டிப்பா சொல்றேன்" என்பார்கள், அதோடு சரி. அவர்களுடைய புராடக்டில் எது மெதுவாக இருக்கிறது என்று கேளுங்கள், பேச்சு அங்கிருந்து தானாக வளரும்.

ஓர் எச்சரிக்கை. இன்டர்வியூ டெஸ்ட் என்று சொல்லி ஒரு ரெப்போவை (நிரல் கோப்புகளின் தொகுப்பை) அனுப்பி, இறக்கி ஓட்டச் சொல்லும் மோசடி இப்போது நடக்கிறது. அதற்குத் தேவையான பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகும்போதே உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடி, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ வாலட்டையும் அள்ளிக்கொண்டு போய்விடும். பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2023-லேயே இதற்கு "கன்டேஜியஸ் இன்டர்வியூ" என்று பெயர் வைத்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவர் தரும் நிரலை விர்ச்சுவல் மெஷினுக்குள், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே பிரித்துவைத்த தனிக் கம்ப்யூட்டர் போன்ற ஒன்றுக்குள் மட்டும் ஓட்டுங்கள்.

இருக்கும் வேலையை இப்போதே விட வேண்டாம். ஆனால் அதில் இருந்துகொண்டே வெளி வேலை எடுப்பதற்கு முன், உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வெளி வேலைக்குத் தடை இருக்கிறதா, சொந்த நேரத்தில் எழுதும் நிரலும் கம்பெனிக்கே சொந்தம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் முதலில் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.